கேர்க்கின் காத்திருக்காது

நடராசா அத்தான் சாவதற்கு இந்தக் கிழமையைத்தானா பிடித்தார் என்று யோகராசா நினைத்தான். நினைத்த உடனேயே தன் வாயில் தானே அடித்துக்கொண்டான். அத்தான் என்றால் சும்மா அத்தானா? கூடப்பிறந்த ஒரே அக்கா அன்னப்பிள்ளையின் புருசன். கட்டுக்கரைக்குளத்திலிருந்து ஊருக்கு வருகிற தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று பார்க்கிற வட்டவிதானை. விடிய மடை திறக்கப் போன மனிசன் வரம்பில் குந்தினார், நெஞ்சைப் பிடித்தார், சரிந்தார். அவ்வளவுதான். ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காமல் போய்ச் சேர்ந்தார் என்று சனம் சொன்னது. கரைச்சல் எவ்வளவு என்று யோகராசாவுக்குத்தான் தெரியும்.

அந்தக் கரைச்சலுக்குப் பெயர் கேர்க்கின்.

கேர்க்கின் என்றால் ஒரு சாதிச் சின்ன வெள்ளரி. விரலளவில் ஆய்ந்துவிட வேண்டும். அதை வினாகிரியில் ஊறப்போட்டுப் போத்தலில் அடைத்துக் கப்பலில் ஏற்றி எங்கேயோ அனுப்புகிறார்கள். மாந்தைப் பக்கத்தில், திருக்கேதீஸ்வரத்து மணி காற்று வாக்கில் கேட்கிற அந்த ஊரில், அதை வாயில் வைக்க ஒரு குஞ்சு குருமானும் இல்லை. கறிக்கு உதவாது, பச்சையாகத் தின்னவும் ருசி இல்லை. பிறகேன் அதை நட்டார்கள் என்று கேட்டால், நெல்லைக் கேளுங்கள் என்பான் யோகராசா. இவர்கள் அரிவி வெட்டிச் சூடடித்து மூட்டை கட்டுகிற நேரம் பார்த்துத்தான் துறைமுகத்தில் வெளிநாட்டு அரிசி வந்து இறங்கும். வீட்டு முற்றத்தில் நெல் மூட்டை எலிக்குச் சாப்பாடாகக் கிடக்கும். அப்படிக் கிடந்த ஒரு நாளில்தான் கொழும்புக் கொம்பனி ஒன்றின் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்தான். பிரணவன் என்று பெயர். நல்ல பெடியன், பணிவான பெடியன். நட்டுப் பாருங்கோ ஐயா, விதை எங்கட, வாங்கிறதும் நாங்கள் என்றான். கமக்காரர் சங்கத் தலைவர் என்று ஒரு கோதாரிப் பதவி யோகராசாவிடம் இருந்தது. வீடு வீடாகப் போய் ஊரைச் சம்மதிக்க வைத்தது அவன்தான். அதனால் இப்போது எவன் வீட்டுக் காய் முற்றினாலும் எல்லாக் கண்ணும் அவனைத்தான் பார்க்கும்.

முதல் ஆய்ச்சலே பெரிய பகிடியாய்ப் போனது. பிஞ்சில் பிடுங்குவது பாவம் என்று வளர்ந்த சனம் இது. விரலளவுக் காயைக் கண்டதும் பெண்களுக்கு மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும், குழந்தைப்பிள்ளை மாதிரிக் கிடக்கு என்று விட்டுவிட்டார்கள். பிறகு நன்றாகக் கொழுத்ததாகப் பார்த்து ஆய்ந்து, கழுவி, கடகம் கடகமாகக் கொண்டுவந்து லொறியடியில் வைத்துவிட்டுப் பெருமையோடு நின்றார்கள். அன்னப்பிள்ளையின் கடகத்தில் கிடந்தவை ஒவ்வொன்றும் மண்வெட்டிப் பிடித் தடிப்பு. பிரணவன் பொக்கற்றுக்குள் இருந்து ஒரு பிளாஸ்டிக் வளையத்தை எடுத்தான். காயை அதற்குள் விட்டுப் பார்த்தான். ஒன்று போகவில்லை. இன்னொன்றும் போகவில்லை. அன்று ஊர்க் காய் முழுவதும் மாட்டுக்குப் போனது. மாடும் ஒரு வாய் கடித்துவிட்டு மூஞ்சையைத் திருப்பிக்கொண்டது.

"ஐயா, இது காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா ஆயவேணும். ஒரு நேரம் விட்டாலும் சைஸ் போயிடும்" என்றான் பிரணவன்.

"நல்லநாள் பெருநாளுக்கு?"

"அதுக்கு நல்லநாள் பெருநாள் தெரியாது ஐயா."

சரி, சிவராத்திரிக்கும் ஆய்வோம் என்று ஒத்துக்கொண்டார்கள். செத்தவீடு வந்தால் என்ன செய்வது என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. நல்ல காரியம் தொடங்கும்போது ஆர் அதைக் கேட்பார்கள்?

அந்த ஊரில் ஒரு பிணம் கிடந்தால், அது சுடலைக்குப் போகுமட்டும் ஒருவரும் வயலில் கால் வைப்பதில்லை. கூலிக்காரனும் வைப்பதில்லை, கோபக்காரனும் வைப்பதில்லை. பேச்சுவார்த்தை இல்லாத பகையாளி செத்தாலும் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து பந்தலில் குந்தியிருக்க வேண்டும். காலமை செத்தவர் பின்னேரம் சாம்பலாகிவிடுகிற காலத்தில் இதில் ஒரு கரைச்சலும் இல்லை. இப்போது அப்படியா? ஊரில் பாதிப் பிள்ளைகள் கனடாவில், மீதி சுவிசில். செத்தவருக்கு மருந்து ஏற்றி, கண்ணாடி மூடி போட்ட பெட்டிக்குள் கிடத்திவிட்டு, கொள்ளி வைக்கிற கை விமானத்தில் வருமட்டும் காவல் இருக்கிறார்கள்.

நடராசாவின் ஒரே மகன் துஷாந்தன் கனடாவில். போனில் அவன் அழுத அழுகையை யோகராசாவால் கேட்க முடியவில்லை.

"மாமா, அப்பாவை எரிச்சுப்போடாதேங்கோ. நான் வாறன். எப்பிடியும் வாறன்."

"வா ராசா. நீ வராமல் எடுக்கமாட்டம்" என்று சொன்னான் யோகராசா. வேறு என்னத்தைச் சொல்லுகிறது? தகப்பன் முகம் பார்க்க வருகிற பிள்ளையிடம், வெள்ளரிக்காய் முத்திப்போம் கெதியா வா என்றா சொல்லுகிறது?

மன்னாரில் இருந்து மலர்ச்சாலைக்காரர் வந்து, மருந்து ஏற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனார்கள். பந்தல் போட்டாயிற்று. வாழை கட்டியாயிற்று. அடுத்த நாள் துஷாந்தன் திரும்பவும் போன் எடுத்தான். இடையில் மாறி ஏற வேண்டிய விமானம் தவறிவிட்டதாம். இன்னொரு நாள் பிந்துமாம். பந்தலில் இருந்த ஆம்பிளைகள் எல்லாரும் 'த்சொ' கொட்டினார்கள். அந்த 'த்சொ' அத்தானுக்கா, கேர்க்கினுக்கா என்று யோகராசாவுக்கே நிச்சயமில்லை.

ஏனென்றால் அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். சீட்டுக் கடதாசி விளையாடிக்கொண்டிருந்தவன் ஒருவன் எழும்புவான், ஒண்டுக்குப் போட்டு வாறன் என்பான், கக்கூசுப் பக்கம் போகாமல் வேலியால் எட்டி வயலைப் பார்த்துவிட்டு முகம் கறுத்து வந்து இருப்பான். கொஞ்சம் பொறுத்து அடுத்தவனுக்கு ஒண்டுக்கு வரும். ஊர் ஆம்பிளைகள் எல்லாருக்கும் ஒரே நாளில் சலரோகம் வந்துவிட்டதா என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. கொஞ்சம் பொறுத்து அவனும் எழும்பிப் போய் எட்டிப் பார்த்தான். இலைக்குக் கீழே காய்கள் வயிறு தள்ளிக்கொண்டு கிடந்தன. பார்த்திருக்கப் பார்த்திருக்கவே பெருக்கிறதுபோல இருந்தது.

மத்தியானம் போன் அடித்தது. பிரணவன்.

"ஐயா, உங்கட நிலைமை எனக்கு விளங்குது. ஆனா அங்க கொண்டெயினர் பாதி வெறுமனே நிக்குது. கப்பல் நிக்காது. நாளைக்குள்ள காய் வராட்டி, இஞ்ச இருக்கிற சேகரிப்பு நிலையத்தை வேற ஊருக்கு மாத்தச் சொல்லி மேல சொல்லிப்போட்டினம்."

"தம்பி, இஞ்ச பிணம் கிடக்குது."

"விளங்குது ஐயா. எப்ப எடுக்கிறியள்?"

"மகன் வரவேணும்."

"மகன் எப்ப வாறார்?"

"பிளேன் வந்தால்."

பிரணவன் உண்மையாகவே கவலையோடு கேட்டான்: "அப்ப காயை ஆர் ஐயா ஆயிறது?"

யோகராசாவுக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஏசுவதென்றாலும் ஆரை ஏசுவது? பிரணவன் சொல்வது சரி. அவன் சம்பளக்காரன். துஷாந்தன் கேட்டதும் சரி. அவன் பிள்ளை. ஊர் காத்திருப்பதும் சரி. அது முறை. எல்லாரும் சரியாகத்தான் இருக்கிறார்கள். எல்லாரும் சரியாக இருந்துகொண்டு முழுப் பிழையையும் கொண்டுவந்து அவன் தலையில் கொட்டுகிறார்கள். கண்காணாத ஊரில் எவனோ ஒருவன் வாய் திறக்கிற நேரத்துக்கு இங்கே ஒரு மனிசன் சாகவும் கூடாதா? என்ரை அப்பனே, கேதீஸ்வரநாதா, இது என்ன சீவியம்?

பந்தலுக்குத் திரும்பி வந்தான். எல்லாரும் கடதாசியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நீ தலைவர், நீதான் கேட்கவேணும் என்று அந்தக் குனிந்த தலைகள் சொல்லின. சங்கத்தில் தேத்தண்ணிக்குச் சீனி வாங்குவதற்குக்கூட நாலு பேர் நாலு கதை கதைப்பார்கள். இதற்கு மட்டும் ஒருவருக்கும் வாயில்லை.

உள்ளே அன்னப்பிள்ளை பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். அழுது அழுது குரல் அடைத்துப்போயிருந்தது. யோகராசா பக்கத்தில் குந்தினான். வெற்றிலைத் தட்டத்தை நகர்த்தினான். திரும்பவும் நகர்த்தினான்.

"கேள்" என்றாள் அன்னப்பிள்ளை.

"என்னத்தையக்கா?"

"நேற்றுத் தொடக்கம் வாயுக்குள்ள வைச்சிருக்கிறதைக் கேளன்."

சொன்னான். சொல்லச் சொல்லத் தன் குரலே தனக்கு அருவருத்தது. அன்னப்பிள்ளை கண்ணாடிக்குள் புருசனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆயுங்கோ" என்றாள். "இவர் தண்ணி விட்டு வளர்ந்த காய்தானே. முத்திப்போனால் இவருக்கும் பொறுக்காது. ஆனா ஒண்டு. இவரைத் தனிய விட்டிட்டுப் போகக்கூடாது. ஆள் மாறி ஆள் ஆரும் வந்து இருங்கோ. ஊருக்கெல்லாம் ஓடித் திரிஞ்ச மனிசன். ஆளில்லாத செத்தவீடு இவருக்கு வேண்டாம்."

"என்னக்கா கதை இது? அப்பிடி விடுவமோ?" என்றான் யோகராசா.

ஒழுங்கு எல்லாம் நன்றாகத்தான் செய்தான். அதையும் சொல்ல வேண்டும். விடியப்புறமே ஊர் வயலில் இறங்கியது. இன்ன வீட்டார் இன்ன நேரம் பந்தலில் இருப்பது, அவர்கள் எழும்ப இன்னார் வந்து இருப்பது என்று வாயாலேயே பிரித்துக் கொடுத்தான். மத்தியானத்துக்குப் பிறகு தன்னுடைய முறை என்றான். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

ஆனால் காய் அவ்வளவு கிடந்தது. விட்ட நாளெல்லாம் சேர்த்து வைத்துக் காய்த்திருந்தது. முற்றினதைக் கழித்து, வளையத்துக்குள் போவதைத் தேடி எடுக்க வேண்டும். இந்த நிரையை முடித்துவிட்டுப் போவோம் என்று ஒருத்தி நினைத்தாள். அவள் போயிருப்பாள்தானே என்று மற்றவள் நினைத்தாள். பந்தலில் இருந்த கிழவர்கள், நாங்கள் சும்மா இருக்கிறதுக்கு மூட்டையாவது தூக்கிக் குடுப்பம் என்று வந்துவிட்டார்கள். பறைமேளக்காரர் சாப்பிடப் போய்விட்டார்கள். யோகராசாவோ லொறியடியில் பிரணவனோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றான்.

"இது போகுதடா தம்பி, பார், போகுது!"

"அமத்தாதேங்கோ ஐயா, அமத்தினால் பூசணிக்காயும் போகும்."

"நீ கண்ணை மூடிக்கொண்டு போடன். திங்கிறவன் அளந்து பார்த்தோ திங்கப்போறான்?"

"அளப்பாங்கள் ஐயா! போத்தலுக்குள்ள எல்லாம் ஒரே அளவில நிக்கவேணுமாம்."

கேட்டீர்களா கதையை! போத்தலுக்குள் நிற்கிற காய்க்கு அளவு பார்க்கிறானாம். அந்தக் கோபத்தில் யோகராசாவுக்கு நேரம் போனதே தெரியவில்லை. போன் அடித்தபோது கைச் சேற்றைச் சாரத்தில் துடைத்துவிட்டு எடுத்தான்.

மஹ்மூது நானா. எருக்கலம்பிட்டி ஆள். நெல்லும் மரக்கறியும் வாங்க வருசக்கணக்காக ஊருக்கு வந்து போகிற வியாபாரி. நடராசாவின் கூட்டாளி.

"யோகராசா, எங்க நிக்கிறீங்க? நான் நடராசாட மௌத்துக்கு வந்தன். இங்க ஒரு மனிசரும் இல்லயே. வீடு மாறி வந்துட்டனோண்டு நெனச்சன்."

யோகராசா கடகத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். வரம்பில் சறுக்கி விழுந்து எழும்பி ஓடினான்.

பந்தலில் கதிரைகள் எல்லாம் காலியாகக் கிடந்தன. வாசலில் கட்டிய வாழையின் இலையை ஓர் ஆடு அரைவாசி தின்று முடித்திருந்தது. இன்னொன்று தின்னத் தொடங்கிய மலர்வளையம் ஒன்று நடு முற்றத்தில் பிய்ந்து கிடந்தது. மஹ்மூது நானா கையில் ஒரு பனை மட்டையோடு, ஒற்றை ஆளாக வாசலில் காவல் நின்றார். பெண்பிள்ளை தனிய இருக்கிற வீட்டுக்குள் போகக்கூடாது என்று அவர் உள்ளே போகவில்லை. நல்ல வெயிலில்தான் நின்றார். யோகராசாவின் சேற்றுக் கால்களைப் பார்த்தார். மட்டையை வேலியில் சாய்த்துவிட்டு விலகி வழி விட்டார். ஏசியிருக்கலாம். நாலு கிழி கிழித்திருந்தால் யோகராசாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

உள்ளே தலைமாட்டு விளக்கு அணைந்துபோய்க் கிடந்தது. எண்ணெய் முடிந்துவிட்டது. எண்ணெய்ப் போத்தல் குசினியில். அதை எடுக்கப் போனால் பிணம் தனித்துப்போகும் என்று அன்னப்பிள்ளை எழும்பவில்லை. தண்ணீர் குடிக்க எழும்பவில்லை. கக்கூசுக்குப் போகக்கூட எழும்பவில்லை. ஒரு கையால் கண்ணாடி மூடியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். மற்றக் கையில் இருந்த விசிறியால் ஈ இலையான் விரட்டிக்கொண்டிருந்தாள். கை சோர்ந்துபோய், விசிறி அசைவதும் நிற்பதுமாக இருந்தது.

"அக்கா..."

"ஆஞ்சு முடிஞ்சுதோ?"

"முடியுதக்கா."

"லொறி எடுத்ததோ?"

"எடுக்குது."

"சரி. இதில இரு. நான் ஒருக்காப் பின்னுக்குப் போட்டு வாறன்" என்றாள் அன்னப்பிள்ளை. எழும்பியபோது கால் மரத்துச் சுவரைப் பிடித்தாள். யோகராசா கை நீட்டினான். அவள் சுவரைத்தான் பிடித்துக்கொண்டு போனாள்.

அவள் ஏசியிருந்தால் அவன் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பான். கொம்பனியைச் சொல்லியிருப்பான், கப்பலைச் சொல்லியிருப்பான், முறையை மறந்த ஊர்ச்சனத்தைச் சொல்லியிருப்பான். அவள் ஒன்றும் கேட்காததால் ஒரு காரணத்துக்கும் வேலை இல்லாமல் போனது. தன்னுடைய முறையில்தான் அவள் தனித்திருந்தாள். மற்ற எவனையும் கைகாட்ட வழியில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விட எரிச்சல் கூடுதலாக இருந்தது. அந்த எரிச்சலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

துஷாந்தன் அடுத்த நாள் வந்து சேர்ந்தான். விமான நிலையத்தில் இருந்து வான் பிடித்து வந்து இறங்கினவன், சப்பாத்தோடேயே ஓடிப்போய்ப் பெட்டிமேல் விழுந்தான். அன்னப்பிள்ளை அப்போதுதான் அடைத்த குரல் திறந்து ஓவென்று அழுதாள். இந்த முறை ஊர் முழுவதும் நின்றது. பறை அடித்தது, வாய்க்கரிசி போட்டார்கள், பெட்டியைத் தூக்க ஆளுக்கு ஆள் முந்தினார்கள். முந்தினவர்கள் எல்லாரும் முந்தின நாள் காய் மூட்டை தூக்கினவர்கள்தான். யோகராசாவும் தோள் கொடுத்தான். துஷாந்தன் கொள்ளி வைத்தான். எல்லாம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது.

சுடலையால் வந்து தலை முழுகிவிட்டு ஆம்பிளைகள் முற்றத்தில் இருந்தார்கள். தேத்தண்ணி வந்தது. துஷாந்தன் அழுது ஓய்ந்துபோய், ஏதாவது கதைக்க வேண்டும் என்பதற்காக வேலிக்கு அப்பால் கையைக் காட்டினான்.

"மாமா, அப்பாட வயலில இப்ப என்ன நிக்குது? நான் போகேக்க நெல்லெல்லே?"

"கேர்க்கின்" என்றான் யோகராசா. அருகில் கிடந்த கழிவுக் கடகத்தில் இருந்து ஒரு காயை எடுத்துக் கொடுத்தான். "வெளிநாட்டுக்குப் போற சாமான். உங்கட பக்கமும் வரும் எண்டு பெடியன் சொன்னவன். அங்க உதுக்குப் பெரிய கிராக்கியாமே?"

துஷாந்தன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மணந்து பார்த்தான். அழுத முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது.

"ஓ, பிக்கிளோ! இது தெரியும் மாமா. பேர்கருக்குள்ள ரெண்டு துண்டு வைச்சுத் தருவாங்கள். எனக்கு ஒரு துளியும் பிடிக்காது. தோண்டி எடுத்து எறிஞ்சுபோட்டுத்தான் சாப்பிடுறனான். என்னோட வேலை செய்யிற கனபேர் அப்பிடித்தான். குப்பைவாளி திறந்தால் உதுதான் கிடக்கும்."

ஒருவன் தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் வைத்தான். துஷாந்தன் தான் என்ன பிழையாகச் சொன்னேன் என்று தெரியாமல் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

வாசற்படியில் இருந்த அன்னப்பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"டேய் தம்பி" என்றாள். சத்தம் போடவில்லை. "உதுக்கோடா உன்ரை அத்தான் ஆளில்லாமல் கிடந்தவர்?"

யோகராசா கழிவுக் கடகத்தைக் காலால் அப்பால் தள்ளினான். போன் அடித்தது. அடிப்பது ஆர் என்று முற்றத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அடித்து நின்றது. திரும்பவும் அடித்தது. வேலிக்கு அப்பால் இன்றைக்கு ஒருவரும் ஆயாத காய்கள் கிடந்தன. முற்றத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அவனைப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பார்வை என்ன கேட்கிறது என்றும் அவனுக்குத் தெரியும்.

அவன் போனை எடுத்தான்.

"ஓம் தம்பி... எல்லாம் முடிஞ்சுது... இல்லை, நாளைக்குக் காலமை சாம்பல் அள்ள வேணும், காடாத்து... அப்பிடியோ... கப்பலோ..."

அக்காவைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தான்.

"சரி, லொறியை அனுப்பும். ஆக்கள் வருவினம்."

அன்னப்பிள்ளை எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். முற்றத்தில் இருந்தவர்கள் சாரத்தைத் தட்டிக்கொண்டு, மகனிடம் சொல்லிக்கொண்டு, கடகம் எடுக்க வீட்டுக்குப் போனார்கள்.